அப்டேட்டை நிறுத்தாதீர்கள், நேரம் குறித்துக் கொடுங்கள்

அக்கரப்பத்தனை, மன்றாசி, டயகம, ஹோல்புரூக், லிந்துலை, தலவாக்கலைப் பக்கங்களில் கணினி விற்று, திருத்தி, வின்டோஸ் போட்டுக் கொடுக்கும் அன்பர்களுக்கு,

இந்த மடலைப் பெற்றோருக்கு எழுதியிருக்கலாம், பாடசாலைகளுக்கும் எழுதியிருக்கலாம். ஆனால் இந்தப் பகுதி வீடுகளில் ஒரு கணினி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர்கள் நீங்கள். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணினி எழுத்தறிவுக் கணக்கெடுப்புகளில் நகரம், கிராமம், பெருந்தோட்டம் என்ற மூன்று துறைகளுள் பெருந்தோட்டம் கடைசியில்தான் நின்று வந்திருக்கிறது. கணினி வைத்திருக்கும் லயத்து வீடே குறைவு. வைத்திருக்கும் வீட்டிலும் அதன் அமைப்புகளைத் திறந்து பார்த்து மாற்றும் பழக்கம் உள்ளவர் இருப்பது அதைவிடக் குறைவு. பிள்ளையின் படிப்புக்கென்று பெற்றோர் சீட்டுக் காசில் ஒரு பழைய லெப்டொப் வாங்கினால், கடையில் நீங்கள் எப்படி வைத்துக் கொடுத்தீர்களோ அப்படியே அது பழுதாகும் நாள்வரை ஓடும். நீங்கள் ஒரு தடவை அழுத்தும் பொத்தான் அந்த வீட்டுக்கு நாலைந்து வருடத்துக்கான முடிவாகிவிடுகிறது. அப்படி எடுக்கப்படும் முடிவுகளில் ஒன்றை மாற்றும்படி கேட்கவே இதை எழுதுகிறேன். "அப்டேட்டை ஓஃப் பண்ணித் தாறன், இனிக் கரைச்சல் இல்லை" என்று சொல்லிக் கொடுக்கும் வழக்கம் அது.

இந்த வழக்கம் அறியாமையால் வந்ததென்று நான் நினைக்கவில்லை. இதற்குக் காரணங்கள் உண்டு, அவற்றில் பல நியாயமானவை. டோங்கிளில் போட்ட டேட்டா வின்டோஸ் அப்டேட்டோடு ஒரே இரவில் முடிந்துபோனால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவது உங்களிடம்தான். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள இயந்திரத்தில் அப்டேட் ஓடத் தொடங்கினால் மற்ற எந்த வேலையும் நகராது. மைக்ரோசொப்டும் தன் பங்குக்கு நம்பிக்கையைக் கெடுத்துக்கொண்டது. 2015, 2016 காலத்தில் வின்டோஸ் 7 பாவித்தவர்களின் கணினிகளில் வின்டோஸ் 10ஐக் கேட்டும் கேளாமலும் இறக்கிவைத்தது. ஒரு கட்டத்தில், அறிவித்தல் பெட்டியை மூடும் பொத்தானை அழுத்தியதைக்கூடச் சம்மதமாக எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் இதனால் கணினி பாழான ஒருவர் வழக்குப் போட்டு 10,000 டொலர் நட்டஈடு பெற்றார். 2018 ஒக்டோபர் 2ஆம் திகதி வந்த பெரிய பதிப்பு சிலருடைய ஆவணங்களையும் படங்களையும் அழித்துவிட்டது. சில நாட்களிலேயே அதை நிறுத்தி, திருத்தி, நவம்பர் 13இல்தான் மறுபடி விட்டார்கள். இவ்வளவையும் பார்த்தவர்கள், இந்தத் தொல்லையை வேரோடு பிடுங்கிவிடலாம் என்று முடிவெடுத்ததில் வியப்பில்லை. ஆனாலும் அந்த முடிவு பிழையானது. அது பிழை என்பதற்கான சான்று, உங்களில் பலருக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பொருளிலேயே இருக்கிறது. அது பென் டிரைவ்.

கொமியூனிகேஷன் கடையில் பிரின்ட் எடுக்கப் போன பென் டிரைவ் வீட்டுக் கணினிக்குள் வைரஸைக் கொண்டுவந்த காலம் உங்களுக்கு மறந்திருக்காது. கோப்புறைகள் எல்லாம் குறுக்குவழிகளாக மாறும், ஒரு கணினியில் செருகினால் போதும், அடுத்து அதே பென் செருகப்படும் எல்லாக் கணினிக்கும் ஒட்டிக்கொள்ளும். பென் டிரைவ் வழியாக வந்த வைரஸ்களில் பல வின்டோஸின் ஓட்டோரன் வசதியைப் பயன்படுத்திப் பரவின. செருகிய உடனே அதிலிருக்கும் நிரலைத் தானாக ஓட்டத் தயாராக நிற்கும் வசதி அது. 2008 இறுதியில் கிளம்பி உலகெங்கும் இலட்சக்கணக்கான கணினிகளைப் பிடித்த கொன்ஃபிக்கர் புழுவும் இந்த வழியைப் பாவித்தது. பென் டிரைவுக்கு ஓட்டோரனை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் 2009இலேயே பழைய வின்டோஸ்களுக்கு வெளியிட்டுவிட்டது. விரும்பியவர் தேடிப் போட்டுக்கொள்ளலாம் என்ற நிலையில் அது கிடந்தது. தேடிப் போட்டவர்கள் சிலரே, வைரஸும் குறையவில்லை. 2011 பெப்ரவரியில் அதே திருத்தத்தைத் தானாக இறங்கும் அப்டேட்டில் சேர்த்தார்கள். சில மாதங்களுக்குள் எக்ஸ்பி, விஸ்டா கணினிகளில் இவ்வகை வைரஸ் பிடிக்கும் வீதம் பாதிக்கும் மேலாகக் குறைந்தது. இரண்டு தடவையும் மருந்து ஒன்றுதான். முதல் தடவை அதைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது, இரண்டாவது தடவை அது தானாக வீட்டுக்கு வந்து சேர்ந்தது. தானியங்கி அப்டேட்டுக்கு ஆதரவாக இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. "தேவைப்பட்டால் அவர்களே போட்டுக்கொள்வார்கள்" என்ற நம்பிக்கையை இந்த அனுபவம் உடைத்துவிடுகிறது. மேற்கு நாடுகளிலேயே சாதாரண மக்கள் தாமாகப் போட்டுக்கொள்ளவில்லை என்றால், விடியற்காலையில் மலைக்குப் போய் மாலையில் கொழுந்து நிறுத்துத் திரும்பும் தாய் போட்டுக்கொள்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

அப்டேட் தாமதமாவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஒரு திருத்தம் வெளியானதும் அதைப் பிரித்துப் பார்த்து, எந்த ஓட்டை அடைக்கப்பட்டது என்பதை விஷயம் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அன்றிலிருந்து, அப்டேட் போடாத கணினிகளெல்லாம் எங்கே ஓட்டை இருக்கிறதென்று பகிரங்கமாக அறிவிக்கப்பட்ட கணினிகள். 2003 ஜனவரி 25இல் சில நிமிடங்களில் உலக இணையத்தைத் திணறவைத்த ஸ்லாமர் புழு நுழைந்த ஓட்டைக்கு, ஆறு மாதத்துக்கு முன்பே திருத்தம் இருந்தது. 2017 மே 12இல் கிளம்பிய வன்னாகிரை, 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளைப் பூட்டிக் கப்பம் கேட்டது. அதற்கான திருத்தம் மார்ச் 14இலேயே வந்திருந்தது. இடைவெளி 59 நாட்கள். இங்கிலாந்தின் அரச சுகாதார சேவையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வைத்தியசாலை அமைப்புகள் தடுமாறின, சுமார் 19,000 நோயாளர் சந்திப்புகள் ரத்தாகின என்று பின்னர் மதிப்பிட்டார்கள். பாதிக்கப்பட்ட கணினிகளில் 98 வீதம் வின்டோஸ் 7 என்று கஸ்பர்ஸ்கி நிறுவனம் கணக்கிட்டது. அப்போது வின்டோஸ் 7 ஆதரவு முடிந்த பதிப்பும் அல்ல. திருத்தம் வந்திருந்தது, அந்தக் கணினிகளில் ஏறவில்லை. அவ்வளவுதான்.

"எங்கள் வீட்டுக் கணினியில் என்ன இருக்கிறது, யார் வந்து திருடப் போகிறார்கள்?" என்று வாடிக்கையாளர் கேட்பார். நீங்களும் சில நேரம் அதைத்தான் பதிலாகச் சொல்வீர்கள். இந்த எண்ணம், திருடன் ஆளைத் தெரிவு செய்து வருகிறான் என்று நினைப்பதால் வருகிறது. வீட்டுக் கணினிகளை அதிகம் வதைத்த கப்ப வைரஸ்களில் ஒன்று ஸ்டொப், அல்லது டிஜேவு எனப்படுவது. அது பெரிய கம்பனிகளைத் தேடிப் போகவில்லை. கிரெக் செய்த மென்பொருளையும் கீஜென்னையும் தேடும் மாணவர்களையும் சாதாரண வீட்டாரையும் பிடித்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டு 980 டொலர் கேட்கும், 72 மணித்தியாலத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி என்று சொல்லும். டொலரை 300 ரூபாய் என்று வைத்தாலும் முழுத்தொகை கிட்டத்தட்ட மூன்று இலட்சம். 2024இல் தோட்டத் தொழிலாளியின் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாயாக உயர்ந்தது. அந்தச் சம்பளத்தில் ஏழு மாதம் ஒரு நாளும் விடாமல் பேர் போட்டாலும் அந்தக் கப்பம் சேராது. பூட்டப்படும் கோப்புகளோ, உயர்தர மாணவியின் செயற்றிட்டம், இறந்துபோன தாத்தாவின் படங்கள், பிறப்புச் சான்றிதழின் ஸ்கேன் பிரதி, வெளிநாட்டில் வேலைசெய்யும் அம்மாவோடு பேசும் கணக்கு. வேறு இடத்தில் பிரதி எடுத்து வைக்கும் வழக்கமும் இந்த வீடுகளில் இல்லை. வசதியுள்ள வீட்டுக்குக் கணினி போனால் ஒரு நட்டம். இந்த வீடுகளில் அது போனால் பிள்ளையின் ஒரு வருடமே போய்விடலாம். வைரஸைப் பிள்ளையே கிரெக்கோடு இறக்கியிருந்தால் அப்டேட் மட்டும் அதைத் தடுத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வின்டோஸின் சொந்தக் காவலான டிஃபெண்டர் புதிய வைரஸ்களின் அடையாளங்களைப் பெறும் வழக்கமான பாதை வின்டோஸ் அப்டேட்தான். சேர்விஸ் பட்டியலுக்குள் போய் அதை நிறுத்தும்போது காவலாளிக்கு வரும் செய்தியையும் சேர்த்தே மறிக்கிறோம்.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. 2023 ஓகஸ்ட் 26இல் இலங்கை அரசின் மேகக் கணினி அமைப்பு கப்ப வைரஸுக்கு இலக்கானது. சுமார் 5000 அரச மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மடல்கள் மீட்க முடியாமல் அழிந்தன. அவற்றில் அமைச்சரவை அலுவலகத்தின் முகவரிகளும் அடங்கும். அந்தக் காலத்துக்குரிய பிரதி இருக்கவில்லை. அமைப்பை நடத்திய தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் பின்னர் சொன்ன விளக்கம் இது: பாவனையில் இருந்தது காலாவதியான மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013, அதைப் புதுப்பிக்க 2021இலேயே திட்டமிருந்தும் பணப் பற்றாக்குறை உள்ளிட்ட காரணங்களால் தள்ளிப்போனது. மைக்ரோசொப்ட் அந்தப் பதிப்புக்கு ஆதரவை நிறுத்தியது 2023 ஏப்ரல் 11இல். நாலரை மாதத்தில் அடி விழுந்தது. பொறியியலாளர்களும் கட்டடமும் வரவுசெலவுத் திட்டமும் உள்ள ஓர் அரச நிறுவனத்துக்கே "பிறகு பார்க்கலாம்" என்பது இந்த விலையில் முடிந்தது.

இனி உங்கள் எதிர்வாதங்களுக்கு வருகிறேன். முதலாவதும் பெரியதும் டேட்டா. இதைத் தட்டிக்கழிக்க முடியாது. மலைக்குப் பின்னால் இருக்கும் டிவிஷனில் சிக்னல் கிடைப்பதே பெரும்பாடு, கிடைக்கும் டேட்டாவும் ரீலோட் போட்டு வாங்குவது. ஆனால் டேட்டா போதாது என்பதற்குப் பரிகாரம் அப்டேட்டைக் கொல்வது அல்ல, அளந்து விடுவது. வின்டோஸ் 10இலும் 11இலும் ஒவ்வோர் இணைப்புக்கும் "மீட்டர்ட் கனெக்ஷன்" என்று ஓர் அமைப்பு இருக்கிறது. டோங்கிளுக்கோ போன் ஹொட்ஸ்பொட்டுக்கோ அதை இயக்கிவிட்டால் பெரும்பாலான அப்டேட்டுகள் கேட்காமல் இறங்கா. உங்களில் சிலர் இதைச் செய்கிறீர்கள், நல்லது. ஆனால் அத்தோடு விட்டால் இதுவும் ஓஃப் பண்ணியதற்குச் சமன்தான், ஏனென்றால் இறங்காத அப்டேட் இறங்காமலே கிடக்கும். மீதியைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். மைக்ரோசொப்ட் 2003 ஒக்டோபரிலிருந்து மாதாந்தத் திருத்தங்களை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை விடுகிறது. எங்கள் நேரப்படி அது செவ்வாய் இரவு பத்தரை அல்லது பதினொன்றரை மணி. இந்தத் திருத்தங்கள் முன்னைய மாதங்களுடையவற்றையும் உள்ளடக்கியே வரும், ஆகவே மாதத்தில் ஒரு தடவை இறக்கினால் போதும். இரண்டாவது செவ்வாய் கழிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை அப்டேட் பக்கத்துக்குப் போய் "டவுன்லோட்" அழுத்துங்கள் என்று ஒரு தாளில் தமிழில் எழுதி லெப்டொப் பைக்குள் வைத்துக் கொடுத்தால் அது ஒரு குடும்பத்தால் செய்யக்கூடிய வேலை. இரவு டேட்டா தனியாக உள்ள பெக்கேஜ் என்றால் சனி நள்ளிரவுக்குப் பின் இறக்கிவைத்து ஞாயிறு காலையில் ரீஸ்டார்ட் செய்யலாம். "டெலிவரி ஒப்டிமைசேஷன்" பக்கத்தில் இறக்கும் வேகத்துக்கு உச்சவரம்பு போடலாம். பிள்ளை சூம் வகுப்பில் இருக்கும்போது இணைப்பு திணறுவது அதனால் குறையும்.

டேட்டாவே கட்டுப்படியாகாத வீடுகளும் இருக்கின்றன. அங்கேதான் உங்கள் கடை ஒரு சேவை நிலையமாக முடியும். மைக்ரோசொப்ட் அப்டேட் கெட்டலொக் என்ற அதிகாரபூர்வத் தளத்தில் அந்தந்த மாதத் திருத்தத்தைத் தனிக் கோப்பாக இலவசமாக எடுக்கலாம். வின்டோஸ் பதிப்பு எண்ணும் 64 பிட்டா என்பதும் பொருந்த வேண்டும். சில பதிப்புகளுக்கு அதற்கு முந்திய ஒரு கோப்பும் தேவைப்படலாம். கோப்பின் அளவு சில நூறு எம்பியிலிருந்து சில ஜிபிவரை போகும். கடையில் ஒரு தடவை இறக்கி, பென் டிரைவில் வைத்து, திருத்த வரும் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் போட்டு அனுப்பலாம். டிஃபெண்டரின் வைரஸ் அடையாளக் கோப்பையும் இப்படியே எடுக்கலாம். கடை ரவுட்டரில் ஒரே நேரத்தில் நாலைந்து இயந்திரம் இணைந்திருந்தால், டெலிவரி ஒப்டிமைசேஷனை உள்ளூர் வலையமைப்பு மட்டும் என்று வைத்துவிடுங்கள். ஒன்று இறக்கியதை மற்றவை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும், வெளியில் உள்ளவர்களுக்கு உங்கள் டேட்டா போகாது. வருடத்துக்கு ஒரு தடவை வரும் பெரிய பதிப்பு மாற்றத்தை வீட்டில் இறக்கச் சொல்லவே வேண்டாம், வருடம் ஒருமுறை இயந்திரத்தைக் கடைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். இந்த வேலைக்கு ஒரு சிறு கட்டணம் வாங்குவதும் நியாயமே. வைரஸ் பிடித்த பிறகு போர்மட் பண்ணுவதற்கு வாங்கும் காசைவிட, பிடிக்காமல் பார்ப்பதற்கு வாங்கும் காசு கௌரவமானது.

கரண்ட் அடுத்த கவலை. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததையும், 2025 பெப்ரவரி 9இல் நாடு முழுவதும் மின்சாரம் போனதையும் பார்த்தவர்களுக்கு, அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால் என்னவாகும் என்ற பயம் இயல்பானது. வின்டோஸ் அப்டேட் பாதியில் நின்றால் பெரும்பாலும் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பும்படி அமைக்கப்பட்டது. எப்போதும் திரும்பும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். பெட்டரி நன்றாக உள்ள லெப்டொப்புக்கு இந்தப் பிரச்சினை அநேகமாக இல்லை. மேசைக் கணினிக்கு நேரத்தைப் பார்த்துச் செய்ய வேண்டும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் எங்கள் பக்கத்தில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வருகிறது, காலை வேளை பாதுகாப்பானது. "எக்டிவ் ஹவர்ஸ்" அமைப்பில் ஒரு நாளில் 18 மணித்தியாலம் வரை ரீஸ்டார்ட் ஆகாத நேரமாகக் குறிக்கலாம். பகல் பன்னிரண்டிலிருந்து நள்ளிரவுவரை அப்படிக் குறித்துவிட்டால் பிற்பகல் மழையிலும் மாலைப் படிப்பிலும் கணினி தானாக அணைந்து எழும்பாது. பயோஸ் மாற்றம் மட்டும் வேறு விஷயம். அது பாதியில் நின்றால் பலகையே செத்துவிடலாம், வீட்டில் செய்ய வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

மூன்றாவது எதிர்வாதத்தில் கனம் அதிகம். அப்டேட்டே கணினியைக் கெடுத்த சம்பவங்கள் உண்டு, 2018ஐ மேலே சொன்னேன். 2024 ஜூலை 19இல் உலகெங்கும் 85 இலட்சம் வின்டோஸ் கணினிகள் நீலத் திரையில் விழுந்து விமான நிலையங்கள் ஸ்தம்பித்ததையும் நீங்கள் காட்டலாம். அது கிரவுட்ஸ்டிரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளில் வந்த பிழை. கம்பனிகளுக்கு விற்கப்படும் மென்பொருள் அது, லயத்து வீட்டு லெப்டொப்பில் இருப்பதில்லை. உக்ரைனில் 2017 ஜூன் 27இல் ஒரு கணக்கியல் மென்பொருளின் அப்டேட் வழியாகவே நொட்பெட்யா வைரஸ் பரப்பப்பட்டதும் உண்மைதான், ஆனால் அத்தகையவை அபூர்வம். திருத்தம் போடாததால் விழுந்தவற்றின் பட்டியலோடு ஒப்பிட இடமில்லை. இருந்தாலும் எச்சரிக்கைக்கு இடம் இருக்கிறது, அதற்குரிய கருவியும் வின்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. 2019 மே மாதப் பதிப்பிலிருந்து வீட்டுப் பாவனையாளரும் அப்டேட்டை வாரக் கணக்கில், அதிகபட்சம் ஐந்து வாரம், தள்ளிவைக்கலாம். ஒரு தோட்டத்தில் எல்லா மலைகளையும் ஒரே வருடத்தில் கவ்வாத்து வெட்டுவதில்லை, ஒரு மலை தளிர்க்கும்போது மற்றது கொழுந்து கொடுக்கும். அதுபோல உலகத்தில் பலர் முதல் வாரம் போட்டுப் பார்க்கட்டும், பிழை இருந்தால் தெரியவரட்டும், எங்கள் வீடுகள் ஒரு வாரம் பொறுத்துப் போடலாம். வன்னாகிரை கொடுத்த அவகாசம் 59 நாள், ஏழு நாள் பொறுப்பது அந்த அவகாசத்துக்குள் நன்றாக அடங்கும். மீட்டர்ட் போடாத இணைப்பில், தவணை முடிந்ததும் வின்டோஸ் தானாகவே அப்டேட்டை எடுக்கும் என்பதால் மறதிக்கும் இடமில்லை. நிறுத்திவைப்பதற்கும் தள்ளிவைப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

உரிமம் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிடுவோம். லைசன்ஸ் இல்லாத வின்டோஸ் போட்ட இயந்திரத்தில் அப்டேட் ஓடினால் மாட்டிக்கொள்வோம், திரை கறுத்துவிடும் என்ற பயம் எக்ஸ்பி, வின்டோஸ் 7 காலத்தில் பிறந்தது. அப்போது அந்தப் பயத்துக்கு ஆதாரம் இருந்தது, போலி என்று கண்டால் பின்னணியைக் கறுப்பாக்கும் அப்டேட் உண்மையில் வந்தது. இன்று எக்டிவேட் செய்யப்படாத வின்டோஸ் 10க்கும் 11க்கும்கூடப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருகின்றன. பின்னணிப் படத்தை மாற்ற முடியாது, மூலையில் ஓர் அறிவித்தல் நிற்கும், அவ்வளவே. உரிமம் இல்லாமல் விற்பது சரியென்று நான் வாதிடவில்லை. ஆனால் அந்த அறிவித்தலை மறைப்பதற்காக எக்டிவேட்டர் போட்டு, அதற்காக டிஃபெண்டரை நிறுத்தி, அதற்காக அப்டேட்டையும் நிறுத்தும்போது, ஒரு மூலை எழுத்துக்காக வீட்டின் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவைத்துவிட்டோம். அந்த எக்டிவேட்டர்களோடு வைரஸ் சேர்ந்து வருவதை உங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இருக்க முடியாது.

தானாகப் புதுப்பித்துக்கொள்ளாத மென்பொருள் எப்படிப் பழசாகிக் கிடக்கும் என்பதற்கு நீங்கள் ஒவ்வோர் இயந்திரத்திலும் போட்டுக் கொடுக்கும் வின்ரார் நல்ல உதாரணம். அதற்குத் தானியங்கி அப்டேட் கிடையாது. 2019 பெப்ரவரியில் அதில் ஓர் ஓட்டையை வெளிப்படுத்தினார்கள், 19 வருடமாக இருந்த ஓட்டை. 2023 ஓகஸ்டில் இன்னொன்றை அடைத்தார்கள். இரண்டு மாதம் கழித்தும் அதே ஓட்டை வழியாகத் தாக்குதல் தொடர்வதாகக் கூகுள் எச்சரித்தது, ஏனென்றால் பழைய பதிப்பை வைத்திருந்தவர்கள் அப்படியே வைத்திருந்தார்கள். 2025 ஜூலை இறுதியிலும் மற்றொரு திருத்தம் வந்தது. பத்து வருடத்துக்கு முந்திய வின்ரார் கோப்பை இன்றும் பென்னில் வைத்துப் போட்டுக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து அதை அழித்துவிட்டுப் புதியதை எடுங்கள். மாறாகக் குரோம், ஃபயர்ஃபொக்ஸ் போன்ற உலாவிகள் தாமாகவே புதுப்பித்துக்கொள்கின்றன. "வேகமாகும்" என்று சொல்லி அவற்றின் அப்டேட்டரையும் நிறுத்திவைப்பதை விட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒரு திகதி. வின்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. நீங்கள் விற்கும் பழைய லெப்டொப்புகளில் பெரும்பங்கு இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவை, அவற்றுக்கு வின்டோஸ் 11 முறைப்படி கிடைக்காது. சுற்றுவழியில் போடலாம், ஆனால் அப்படிப் போட்ட இயந்திரத்துக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசொப்ட் பொறுப்பேற்கவில்லை. வீட்டுப் பாவனையாளருக்கு 2026 ஒக்டோபர் 13 வரை நீட்டிப்புத் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. 30 டொலர் கட்டலாம், அது தோட்டத் தொழிலாளியின் ஒரு வாரச் சம்பளம். ஆனால் கட்டியே ஆக வேண்டியதில்லை, மைக்ரோசொப்ட் கணக்கில் உள்நுழைந்து அமைப்புகளைப் பிரதி எடுக்கச் சம்மதித்தால் அதுவே இலவசம். வின்டோஸ் 10இன் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அப்டேட் நிறுத்தப்பட்ட இயந்திரங்களில் பல அந்தப் பதிப்புக்கே வந்திருக்காது என்பதுதான் கவலை. இந்த இலவச நீட்டிப்பைப் பற்றி அறியாத வீடுகளே அதிகம். உங்கள் மூலம்தான் அறிய முடியும். அதற்கப்பால், இணையம், பாடநூல், கட்டுரை எழுதுவது ஆகியவற்றுக்கு மட்டும் பாவிக்கப்படும் இயந்திரங்களுக்கு லினக்ஸ் மின்ட் நல்ல வழி. 2024இல் வந்த 22ஆம் பதிப்புக்கு 2029 வரை திருத்தங்கள் உண்டு, பழைய இயந்திரத்திலும் ஓடும், உரிமப் பிரச்சினையும் இல்லை. எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். குறிப்பிட்ட வின்டோஸ் மென்பொருள் தேவைப்படும் மாணவருக்குப் பொருந்தாது.

இவ்வளவும் செய்ய நேரம் எங்கே என்று கேட்பீர்கள். புதிதாக விற்கும் இயந்திரத்துக்கு இது வழக்கமாகிவிட்டால் பதினைந்து நிமிட வேலை: சேர்விஸை நிறுத்தாமல் விடுங்கள், டோங்கிளுக்கு மீட்டர்ட் போடுங்கள், எக்டிவ் ஹவர்ஸ் குறியுங்கள், ஞாயிற்றுக்கிழமைத் தாளை எழுதிக் கொடுங்கள், பற்றுச்சீட்டின் பின்புறத்தில் அந்த இயந்திரத்துக்குப் பாதுகாப்புத் திருத்தம் எந்தத் திகதிவரை வரும் என்று குறியுங்கள். கடினமானது ஏற்கெனவே விற்றவை. எந்தெந்த வீட்டுக்கு அப்டேட்டை ஓஃப் பண்ணிக் கொடுத்தீர்கள் என்பது உங்கள் ஃபோனில் உள்ள இலக்கங்களைப் பார்த்தாலே நினைவுக்கு வரும். அவர்களுக்கு ஒரு வட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள். அடுத்த தடவை டவுனுக்கு வரும்போது லெப்டொப்பையும் கொண்டுவரச் சொல்லுங்கள், காசு வேண்டாம் என்றும் சேர்த்து எழுதுங்கள். மாதச் சம்பளம் போட்டதற்கு அடுத்த ஞாயிறு கடைத்தெருவுக்கு வராத குடும்பம் இல்லை. வரும் மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே இதைத் தொடங்குங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.